டிசம்பர் பயணமும் ஜூலை மாதச் சீட்டும்

இலண்டனில் டிசம்பர் மாதக் கடைசியில் பிற்பகல் நான்கு மணியாவதற்கு முன்னரே மஃரிபுடைய நேரம் வந்துவிடுகின்றது. காலையில் எட்டு மணியளவில்தான் சூரியன் எட்டிப் பார்க்கும். அதுவும் மேகம் விட்டால்தான். பிள்ளைகள் மங்கலான வெளிச்சத்தில் பாடசாலைக்குப் போய், விளக்கு ஏற்றும் நேரத்தில் வீடு திரும்புகிறார்கள். ஜன்னல் திறப்பதில்லை. துவைத்த துணி வீட்டுக்குள்ளேயே நாள் கணக்கில் ஈரமாகத் தொங்குகிறது. அதே நாட்களில் கொழும்பில் காலை ஆறேகாலுக்கு விடிந்து மாலை ஆறு மணிக்குப் பொழுது சாய்கின்றது. காலிமுகத்திடலில் இஸ்ஸுவடைக்காரரைச் சுற்றிப் பிள்ளைகள் செருப்பில்லாமல் ஓடித் திரிகிறார்கள்.

ஹரோவிலும் வெம்பிளியிலும் குடியிருக்கும் நம்மவர் வீட்டுப் பெண்களுக்கு அந்தப் பருவத்தில் ஊர் நினைவு கூடுதலாக வருவதில் ஆச்சரியமில்லை. ஆங்கிலப் பாடசாலைகள் நத்தாருக்காக இரண்டு வாரம் மூடப்படுகின்றன. கணவனுக்கும் வேலைத்தலத்தில் நாலைந்து நாள் லீவு தானாகவே கிடைக்கின்றது. "உம்மா, இந்த முறை டிசம்பரில் வருகிறோம்" என்று தொலைபேசியில் சொல்லியும் விடுகிறார்கள். பிறகு ஒக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ டிக்கட் விலையைப் பார்க்கிறார்கள். ஐந்து பேருக்கான தொகையைக் கூட்டிப் பார்த்ததும் குரல் இறங்கிவிடுகின்றது. "அடுத்த வருஷம் பார்ப்போம் உம்மா."

இந்த 'அடுத்த வருஷம்' எத்தனை வீடுகளில் மூன்று வருஷமாகவும் நாலு வருஷமாகவும் நீண்டு போயிருக்கின்றது என்பதை வாசக சகோதரிகள் பலரும் அறிவார்கள். எனது மகள் ஹரோவில் இருக்கிறாள், மூன்று பிள்ளைகள். மருமகனின் உம்மா காத்தான்குடியில். ஆகவே டிக்கட் விவகாரம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான விவகாரம். அவர்கள் வந்துபோன பயணங்களிலிருந்தும், வராமற்போன பயணங்களிலிருந்தும் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். இலண்டனிலிருக்கும் மகளுக்கோ தங்கச்சிக்கோ இந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினால் நல்லது. ஆனால் அதை நவம்பரில் அனுப்பிப் பிரயோசனமில்லை.

முதலில் விமானத்தில் விலை எப்படி வைக்கப்படுகின்றது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். பஸ்ஸிலே எல்லா ஆசனத்துக்கும் ஒரே கட்டணம். விமானத்தில் அப்படியல்ல. பின்பக்கத்துச் சாதாரண ஆசனங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தாலும், கம்பனியின் கணினியில் அவை பல விலைக் கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கூறுக்கும் ஓர் ஆங்கில எழுத்து. மிக மலிவான எழுத்தில் சில ஆசனங்கள், அடுத்ததில் இன்னும் சில என்று படிப்படியாக ஏறும். மலிவானது முடிந்ததும் அடுத்த படி திறக்கும். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பெண்கள் இரண்டு மடங்கு வித்தியாசமான பணம் கொடுத்திருப்பது இதனால்தான்.

இந்த வழக்கம் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1977இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பனி, முன்கூட்டியே பணம் கட்டுவோருக்கு 'சூப்பர் சேவர்' என்ற பெயரில் மலிவு டிக்கட் விற்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு, 1978இல், அமெரிக்க அரசாங்கம் உள்நாட்டு விமானக் கட்டணங்களைத் தானே நிர்ணயிக்கும் முறையைக் கைவிடச் சட்டம் செய்தது. 1985இல் 'பீப்பிள் எக்ஸ்பிரஸ்' என்ற மலிவு விமானக் கம்பனியோடு போட்டியிட வேண்டி வந்தபோது, எத்தனை ஆசனத்தை மலிவாக விடலாம், எத்தனையைக் கடைசி நேரத்தில் வரும் அவசரக்காரருக்கு வைத்திருக்கலாம் என்பதைக் கணினியைக்கொண்டு கணக்குப் பார்க்கும் வேலை பெரிதாக வளர்ந்தது. பீப்பிள் எக்ஸ்பிரஸ் அந்தப் போட்டியில் நின்றுபிடிக்கவில்லை. கணக்கு மட்டும் உலகமெங்கும் பரவிவிட்டது.

அந்தக் கணக்குக்கு டிசம்பர் மாதம் நன்றாகத் தெரியும். சென்ற ஆண்டும் அதற்கு முந்திய ஆண்டும் நத்தாருக்கு முந்திய வாரத்தில் கொழும்பு விமானம் நிறைந்துதான் போனது என்பது அதன் ஞாபகத்தில் இருக்கின்றது. ஏனென்றால் அந்த ஆசனங்களுக்கு நம் பிள்ளைகள் மட்டும் போட்டியில்லை. டிசம்பர் முதல் மார்ச் வரை இலங்கையில் உல்லாசப் பயணிகளின் காலம். குளிருக்குத் தப்பி ஹிக்கடுவைக்கும் பெந்தோட்டைக்கும் வெயில் காய வரும் வெள்ளைக்காரரும், யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் வரும் குடும்பங்களும், டோஹாவிலோ துபாயிலோ மாறி இந்தியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போவோரும் ஒரே விமானங்களில்தான் ஏறுகிறார்கள். ஆகவே அந்த நாட்களுக்கு மிக மலிவான எழுத்துகளில் கம்பனி ஒன்றிரண்டு ஆசனங்களைத்தான் விடும். சில நாட்களில் ஒன்றுமே விடாது.

பெருநாளைக்கு முந்திய வாரத்துத் தையற்காரரை நினைத்துப் பாருங்கள். ரஜப் மாதத்தில் துணி கொண்டுபோனால் சிரித்த முகத்தோடு வாங்குவார். ஐம்பது நூறு குறைக்கவும் செய்வார். இருபத்தைந்தாம் நோன்பில் போனால் தலை நிமிர்ந்தும் பார்க்கமாட்டார். வேலை நிறைந்திருக்கும்போது விலையைக் குறைக்க அவருக்கு என்ன தேவை?

கடைசி நேரத்தில் மலிவாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கின்றது. அது முற்றிலும் கற்பனையல்ல. 1980களிலும் 1990களிலும் இலண்டனில் மிஞ்சிய ஆசனங்களைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடும் சிறிய டிக்கட் கடைகள் பல இருந்தன. அந்தக் காலத்தில் போனவர்களின் அனுபவம்தான் இன்றும் வாய்வழியாக உலவுகின்றது. இப்போது மிஞ்சப்போவது எவ்வளவு என்பதைக் கம்பனியே பல மாதங்களுக்கு முன் மதிப்பிட்டு வைத்துக்கொள்கிறது. பெப்ரவரி நடுப்பகுதியில் ஒரு செவ்வாய்க்கிழமை விமானத்தில் மலிவு ஆசனம் கடைசியில் கிடைத்தாலும் கிடைக்கலாம். டிசம்பர் 20ஆந் திகதி விமானத்துக்கு அதை எதிர்பார்த்துக் காத்திருப்பது வீண்.

செவ்வாய்க்கிழமை என்றதும் ஞாபகம் வருகின்றது. செவ்வாய் இரவில் வாங்கினால் மலிவு என்று எங்கள் குடும்பத்திலும் ஒருவர் சாதிப்பார். ஒரு காலத்தில் அமெரிக்கக் கம்பனிகள் வாரத் தொடக்கத்தில் விலைக்குறைப்பை அறிவிக்க, மற்றக் கம்பனிகள் அடுத்த நாள் அதற்குச் சமமாக இறங்கி வரும். அதிலிருந்து பிறந்த கதை அது. இன்று விலை நாளுக்குப் பல தடவை மாறுகின்றது. வாங்கும் கிழமையைப் பற்றி யோசிப்பதை விட்டு, பறக்கும் கிழமையைப் பற்றி யோசிப்பதுதான் பயன் தரும். நவம்பர்க் கடைசியில் 'கறுப்பு வெள்ளி' என்று வரும் மலிவு விற்பனையையும் அவ்வாறே கொள்ளுங்கள். அதன் நிபந்தனைகளைக் கீழே சிறிய எழுத்தில் வாசித்தால், நத்தார் நாட்கள் பெரும்பாலும் விலக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

அப்படியானால் எப்போது வாங்குவது? விமானக் கம்பனிகள் பொதுவாக ஏறத்தாழ பதினொரு மாதங்களுக்கு முன்பே ஆசனங்களை விற்பனைக்குத் திறந்துவிடுகின்றன. டிசம்பர் நடுப்பகுதிக்கான ஆசனம் முந்திய ஜனவரியிலேயே கண்ணுக்குத் தெரியும். முதல் நாளே ஓடிப்போய் வாங்கவேண்டும் என்பதில்லை. திறந்தவுடன் இருக்கும் விலை எப்போதும் ஆகக் குறைந்ததாக இருக்காது. ஜனவரியிலிருந்து மாதம் ஒரு தடவை பார்த்து, ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டால், எது சாதாரண விலை, எது உண்மையான குறைவு என்பது கைக்குப் பிடிபட்டுவிடும். எங்கள் வீட்டு அனுபவத்தில் ஜூலை நடுப்பகுதிக்கும் செப்டெம்பர் முடிவுக்கும் இடையில் வாங்கி முடிப்பதே நிம்மதி. கோடை விடுமுறை முடிந்து எல்லோரும் வீடு திரும்பி, 'அடுத்தது டிசம்பர்' என்று யோசிக்கத் தொடங்குவதற்கு ஒரு படி முந்திக்கொள்வதுதான் விஷயம். ஒருவர் மட்டும் போவதென்றால் ஒக்டோபர் வரை பொறுத்துப் பார்க்கலாம். ஐந்து பேர் கொண்ட குடும்பம் பொறுக்க முடியாது. அதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கின்றது. பலருக்கும் தெரியாத காரணம்.

இணையத்திலோ முகவரிடமோ ஐந்து ஆசனம் என்று ஒன்றாகக் கேட்டால், கணினி ஐந்து ஆசனமும் சேர்ந்து கிடைக்கும் விலைக் கூறைத்தான் தேடும். உதாரணத்துக்கு, 700 பவுண் கூறில் மூன்று ஆசனம் மிஞ்சியிருக்கின்றது, அடுத்த கூறு 850 பவுண் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேருக்குக் கேட்டவுடன் பல வேளைகளில் ஐவருக்கும் 850 என்றே பதில் வரும். மூன்று பேருக்கு ஒரு தடவையும் இரண்டு பேருக்கு மறு தடவையும் கேட்டால், மூவருக்கு 700 கிடைக்கும். மருமகன் இதைக் கண்டுபிடித்ததிலிருந்து எப்போதும் முதலில் ஓர் ஆளுக்கு விலை பார்த்து, பிறகு இருவருக்கு, பிறகு ஐவருக்கு என்று பார்த்துத்தான் வாங்குகிறார். ஆனால் இரண்டு பதிவாகப் பிரித்தால், விமானம் இரத்தாகும்போது கம்பனி ஒரு பாதியை ஒரு விமானத்திலும் மறு பாதியை வேறொன்றிலும் ஏற்றிவிடக்கூடும். ஆகவே ஒவ்வொரு பதிவிலும் ஒரு பெரியவர் இருக்கவேண்டும். கைக்குழந்தை உம்மாவின் பதிவிலேயே இருக்கவேண்டும். வித்தியாசம் பத்து இருபது பவுண்தான் என்றால் பிரிக்காமல் விடுவதே புத்தி.

பிள்ளைகளின் வயதையும் கணக்கில் எடுங்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை மடியில் வரும்; பெரும்பாலான கம்பனிகள் பெரியவரின் கட்டணத்தில் பத்திலொரு பங்களவே அறவிடுகின்றன. போகும்போது இரண்டு வயது ஆகாமல், ஊரில் இருக்கும்போது பிறந்த நாள் வந்துவிட்டால், திரும்பும் பயணத்துக்கு ஆசனம் வாங்கவேண்டும். இதைத் தெரியாமல் கட்டுநாயக்கவில் பணம் கட்டியவர்கள் இருக்கிறார்கள். பன்னிரண்டு வயதானால் முழுக் கட்டணம். இங்கிலாந்து அரசாங்கம் அங்கிருந்து புறப்படும் ஒவ்வொரு பிரயாணியிடமும் விமான வரி அறவிடுகின்றது. 2025 ஏப்ரலிலிருந்து நெடுந்தூரப் பயணத்தில் சாதாரண வகுப்புக்கு அது 90 பவுணுக்குக் குறைவில்லை. ஆனால் சாதாரண வகுப்பில் வரும் பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு 2016ஆம் ஆண்டிலிருந்து அந்த வரி இல்லை. பிள்ளையின் பிறந்த திகதியைச் சரியாகக் கொடுக்காவிட்டால் இந்தச் சலுகை கைநழுவிப் போகும்.

இனிப் பறக்கும் நாள். எல்லோரும் பாடசாலை மூடும் வெள்ளிக்கிழமை இரவே புறப்பட நினைக்கிறார்கள். அன்றிலிருந்து டிசம்பர் 23 வரையுள்ள நாட்கள்தான் மிகவும் விலை கூடியவை. திரும்புவதற்கு, ஜனவரி முதற்கிழமையில் பாடசாலை தொடங்குவதற்கு முந்திய சனி, ஞாயிறு. இந்த இரண்டு முனைகளில் ஒன்றையாவது இரண்டு மூன்று நாள் நகர்த்தினால் குடும்பத்துக்கே பெருந்தொகை மிஞ்சும்.

நமக்கு இதில் ஒரு வசதி இருக்கின்றது. டிசம்பர் 25ஆந் திகதி ஆங்கிலேயர் தம் வீட்டில் இருக்கவே விரும்புவார்கள். அன்று ஹீத்ரோ விமான நிலையம் திறந்திருக்கும்; தூர விமானங்கள் போகும்; விலை முந்திய நாட்களைவிடக் குறைவாக இருப்பது வழக்கம். நமக்கு அது மற்றொரு நாள்தானே! மகள் வீட்டார் ஒரு முறை அன்று புறப்பட்டார்கள். நெருக்கடியில்லாத விமான நிலையத்தை அன்றுதான் கண்டதாகச் சொன்னாள். கவனிக்கவேண்டியது ஒன்றுதான்: நத்தாரன்று இலண்டனில் சுரங்க ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. தெரிந்தவர் யாராவது காரில் கொண்டுபோய் விடவேண்டும், அல்லது வாடகை வண்டிக்கு முன்னரே சொல்லிவைத்து அன்றைய கூடுதல் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கவேண்டும்.

ஒரு கிழமைக்கு முன்பே பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து மறித்துக்கொண்டு போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் 2024 ஓகஸ்ட் முதல் இதற்கான தண்டப்பணம் ஒரு பிள்ளைக்கு ஒவ்வொரு பெற்றோருக்கும் 80 பவுண்; மூன்று வாரத்துக்குள் கட்டாவிட்டால் 160. மூன்று வருஷத்துக்குள் இரண்டாம் முறை நடந்தால் நேரே 160. மூன்றாம் முறை நீதிமன்றம் வரை போகலாம். மூன்று பிள்ளைகளுக்கும் தாய் தகப்பன் இருவருக்குமாகக் கூட்டினால் 480 பவுண். 'டிக்கட்டில் மிஞ்சுவது அதைவிடக் கூட' என்று கணக்குக் காட்டுவோர் உண்டு. எனக்கு அந்தக் கணக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைக்கு முன்னால் சட்டத்தை விலை பேசுவது நல்ல பழக்கமல்ல. ஆனால் பாடசாலை வயது வராத பிள்ளைகள் மட்டும் உள்ள இளம் தாய்மார் ஏன் நத்தார்க் கூட்டத்தில் போய் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவேயில்லை. இங்கிலாந்தில் கட்டாயப் பாடசாலை வயது ஐந்து நிறைந்த பின்னர்தான் வருகின்றது. அதுவரை நவம்பரிலோ ஜனவரி நடுப்பகுதியிலோ தாராளமாக வரலாம். அங்கே குளிருக்கும் அப்போது குறைவில்லை. கணவனுக்கு லீவு கிடைக்காவிட்டால் உம்மாவும் பிள்ளைகளும் முன்னே வந்து, அவர் கடைசி இரண்டு வாரம் வந்து சேரலாம்.

ஊரில் எந்த இடத்துக்கு வருகிறோம் என்பதும் திகதியோடு சம்பந்தப்பட்டது. டிசம்பரில் மேற்கிலும் தெற்கிலும், பேருவளை, வெலிகம, காலிப் பக்கங்களில் வெயில் காயலாம். காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமென்றால் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றின் மழை. கடலும் கொந்தளிப்பாக இருக்கும். இலண்டன் இருட்டுக்குத் தப்பி வந்த பேரப்பிள்ளைகள் காத்தான்குடியில் நான்கு நாள் ஜன்னலருகில் உட்கார்ந்து மழை பார்த்ததும் நடந்தது. உம்மம்மாவின் வட்டிலப்பமும் மச்சான்மாரின் கரம் பலகையும் இருந்ததால் அவர்கள் குறைப்படவில்லை என்பது வேறு விஷயம். கட்டுநாயக்கவிலிருந்து அங்கே போக வானில் ஏழெட்டு மணித்தியாலம். மழைக்காலத்தில் அதற்கும் கூட. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி வந்தபோது மலையகத்தில் மண்சரிந்து பாதைகள் பல மூடிக்கிடந்ததை மறக்க முடியுமா? கிழக்குக்குப் போகிறவர்கள் திரும்பும் விமானத்துக்கு முந்திய நாளாவது கொழும்புப் பக்கம் வந்துவிடவேண்டும். இன்னொன்று: நமது முஸ்லிம் பாடசாலைகளின் தவணை விடுமுறை நோன்பை ஒட்டி மாறுவது. பேரப்பிள்ளைகள் வரும் நாட்களில் மச்சான் மச்சிமார் வீட்டில் இருப்பார்களா, பரீட்சை எழுதுவார்களா என்று கேட்டுக்கொண்டு திகதி வையுங்கள்.

நோன்பும் பெருநாளும் வருஷா வருஷம் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து வருகின்றன. 2000ஆம் ஆண்டில் நோன்புப் பெருநாள் டிசம்பர்க் கடைசி வாரத்தில் வந்தது. லீவும் பெருநாளும் ஒன்றாய் அமைந்தன. அது திரும்பி வர முப்பத்துமூன்று வருஷம் செல்லும். 2030 டிசம்பர்க் கடைசியில் நோன்பு பிறக்கும். 2033இல் பெருநாளே டிசம்பர் 23 அளவில் வரும், பிறைக்கேற்ப ஓரிரு நாள் முன்பின்னாக. அந்த டிசம்பருக்கு வர நினைப்பவர்கள் ஜூலைக்கும் முன்னரே விழித்துக்கொள்ள வேண்டியிருக்கும். நத்தார்க் கூட்டத்தோடு பெருநாள் கூட்டமும், ஜித்தா வழியாக உம்ரா முடித்து வருவோரும் சேர்ந்துவிடுவார்கள்.

யாரிடம் வாங்குவது என்பதில் ஒரு வார்த்தை. நம்மவர் நடத்தும் டிக்கட் கடைகளில் பேசி வாங்குவதில் ஒரு சுகம் உண்டு, தவணையும் தருவார்கள். ஆனால் ஆசனத்தைப் பதிவு செய்வது வேறு, டிக்கட் வெட்டுவது வேறு. ஆறு எழுத்து கொண்ட பதிவு இலக்கம் கையில் இருந்தால் டிக்கட் இருக்கின்றது என்று அர்த்தமில்லை. டிக்கட் வெட்டியதற்கு அடையாளம் பதின்மூன்று இலக்கங்கள் கொண்ட எண். அதன் முதல் மூன்றும் விமானக் கம்பனியைக் குறிக்கும். ஸ்ரீலங்கன் என்றால் 603. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் செப்டெம்பரில் ஒரு முகவரிடம் முழுப் பணத்தையும் காசாகக் கொடுத்து, பதிவு இலக்கம் எழுதிய கடதாசியோடு வீட்டுக்கு வந்துவிட்டது. டிசம்பர் முதல் வாரத்தில் கம்பனியைக் கேட்டபோது அந்தப் பதிவு எப்போதோ இரத்தாகிவிட்டதாகப் பதில் வந்தது. பணம் பாதிதான் திரும்பிக் கிடைத்தது, பயணம் இல்லை. காசு கொடுத்தால் அன்றே அந்தப் பதின்மூன்று இலக்கத்தைக் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். இங்கிலாந்தில் 100 பவுணுக்கு மேற்பட்ட பொருளைக் கடன் அட்டையில் வாங்கினால், விற்றவர் கைவிட்டாலும் வங்கியிடம் கேட்கும் உரிமை சட்டப்படி இருக்கின்றது. பெயரையும் சரி பாருங்கள். நமது பெண்களுக்குக் கடவுச்சீட்டில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர், கலியாணத்துக்குப் பின் இன்னொரு பெயர். டிக்கட்டில் இருக்கவேண்டியது கடவுச்சீட்டில் உள்ளது மட்டுமே.

மலிவைத் தேடி இலண்டன் முதல் டோஹா வரை ஒரு டிக்கட், டோஹாவிலிருந்து கொழும்புக்கு வேறொன்று என்று தனித்தனியாக வாங்குவோரும் உண்டு. குளிர்காலத்தில் அது ஆபத்தான சிக்கனம். 2010 டிசம்பர் 18ஆந் திகதி பனி கொட்டி ஹீத்ரோ மூடப்பட்டு, நத்தாருக்கு முந்திய நாட்களில் ஆயிரக்கணக்கானோர் தரையில் படுத்துக் கிடந்தார்கள். 2018 டிசம்பரில் ட்ரோன் பறந்ததென்று கெட்விக் மூடப்பட்டது. 2025 ஜூன் 23இல் கட்டாரின் வான்வெளி சில மணித்தியாலங்கள் மூடப்பட்டு, விமானங்கள் திசை திரும்பின. முழுப் பயணமும் ஒரே டிக்கட்டாக இருந்தால் இடையில் தவறிய விமானத்துக்குக் கம்பனி பொறுப்பு. வேறு விமானத்தில் ஏற்றிவிடும். இரண்டு டிக்கட் என்றால் இரண்டாவது விமானம் உங்களுக்காகக் காத்திராது. மூன்று பிள்ளைகளோடு அந்த நிலையில் நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு வகை டிக்கட்டும் இருக்கின்றது. அதை யாரும் ஜூலையில் வாங்குவதில்லை. எங்கள் தெருவில் ஒரு மூத்தம்மா டிசம்பர் மாதமொன்றில் சுபஹுக்குப் பின் மௌத்தானார். இலண்டனிலிருந்த மகளுக்கு அப்போது நள்ளிரவு கடந்த நேரம். அவள் அந்த இருட்டிலேயே டிக்கட் தேடினாள். நத்தார் நெருக்கடி, கிடைத்த விலையைக் கொடுத்து, அன்றிரவு விமானம் ஏறினாள். இலண்டனிலிருந்து கொழும்புக்கு நேரே பறந்தாலும் பத்தரை பதினொரு மணித்தியாலம். நமது நேரம் ஐந்தரை மணித்தியாலம் முந்தி. அவள் வந்து இறங்கியது மறுநாள் பகல். ஜனாஸா முதல் நாள் அஸருக்கே அடக்கமாகிவிட்டது. அந்தக் காத்திருப்பு நமது மார்க்கத்தில் இல்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. "இரண்டு வருஷமாக விலை கூட, விலை கூட என்று தள்ளினேன், இந்த ஒரு டிக்கட்டுக்குக் கொடுத்ததில் நானும் சின்னவனும் போன வருஷம் வந்திருக்கலாம்" என்று மட்டும் என்னிடம் சொன்னாள். அதன் பிறகு எங்கள் தெருவில் வெளிநாட்டில் பிள்ளையுள்ள உம்மாமார் டிக்கட் பேச்சை ஜனவரியிலேயே எடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பிள்ளைகள் வர முடியாத வருஷத்தில் உம்மாவை அங்கே அழைப்பதையும் யோசிக்கலாம். விமானக் கூட்டத்துக்குத் திசை இருக்கின்றது. நத்தாருக்கு முன் இலண்டனிலிருந்து கொழும்புக்கு வரும் விமானம் நிறைந்து வழியும். திரும்பிப் போகும் அதே விமானத்தில் அவ்வளவு நெருக்கடி இருப்பதில்லை. ஜனவரி முதற்கிழமையில் இது தலைகீழாக மாறும். ஆகவே கொழும்பில் தொடங்கிக் கொழும்பில் முடியும் டிக்கட்டை எடுத்து, டிசம்பர் நடுவில் போய் ஜனவரியில் திரும்பும் உம்மா, கூட்டத்துக்கு எதிர்த் திசையில் பிரயாணம் செய்கிறார். அவருக்கு ஜூலையில் வாங்கவேண்டிய அவசரமில்லை; வாங்கவும் கூடாது. பிரித்தானிய விசாவுக்குப் பிரயாணத் திகதிக்கு மூன்று மாதத்துக்கு முன்புதான் விண்ணப்பிக்க முடியும். முடிவு வர சாதாரணமாக மூன்று வாரம் செல்லும். செப்டெம்பர் நடுவில் விண்ணப்பித்து, விசா கையில் வந்த பின் டிக்கட்டுக்குப் பணம் கட்டுவதே முறை.

மாலை நாலு மணிக்கு இருட்டும் ஊரில் வயதானவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். நான் போயிருந்தபோது பகல் முழுவதும் சின்னவனோடு சரியாய்ப் போனது. இஷாவும் தொழுது, இராச் சாப்பாடும் முடிந்து, நேரத்தோடு படுத்துவிடுவேன். வெளியே போனது குறைவுதான். மகளோடு ஐந்து வாரம் ஒரே குசினியில் நின்றதற்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. உம்மாவை அனுப்பும்போது குளிர்ச்சட்டையைப் பெரிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். மாசிச் சம்பலும் அரிசிமாவும் பெட்டியோடு போகட்டும். சட்டையும் தடித்த காலுறையும் கைப்பையிலேயே இருக்கவேண்டும். விமானத்துக்குள்ளேயே குளிரும், ஹீத்ரோவில் பெட்டி வந்து சேரச் சுணங்கவும் கூடும்.